இரண்டு நிமிடம் முன்னால் அடித்த மணி

ஏலே, அந்தப் பித்தளை மணி மறுபடியும் என் கையில். வரலாற்று டீச்சர்தான் இன்று கொடுத்தார். நாளை விவாதப் போட்டிக்கு நான்தான் நேரம் பார்க்கிறவனாம். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ யோக்கியர்கள் இருக்க, என்னைப் போய்த் தேடிப் பிடித்திருக்கிறார். பிடியில் அதே பச்சைக் களிம்பு நாற்றம். முகர்ந்ததுமே உன் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

போன வருடத் தலைப்பு, அமெரிக்காவின் ஆரம்பகால ஜனாதிபதி ஒருவர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்பது. தூத்துக்குடி வெயிலில் அந்த மனுசனுக்காகத் தூக்கம் கெட்ட ஒரே ஆள் நீ. சாப்பாட்டு நேரத்திலும் அவர்தான்.

"தனக்கு வேண்டியவங்களுக்கா பாத்து வேலை போட்டுக் குடுத்திருக்காரு. பூர்வகுடிங்க நிலத்துல மாநிலத்துக்காரன் கை வைக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிட்டு. இவரு வேடிக்கை பாத்திருக்காருலே!"

"சனங்க ஓட்டுப் போட்டு வந்தவருல்லா?" என்று நான் உன் டப்பாவிலிருந்து வறுத்த சாளையை எடுத்தால், "ஓட்டு வாங்கினா என் மீனையும் தூக்கலாமோ?" என்று கையில் தட்டுவாய்.

போட்டியன்று ஹாலே உன் பேச்சில் கட்டுண்டு கிடந்தது. கடைசியில், "எங்கப்பா சங்கு குளிக்கிற படகில் ஒருவர் மேலே கயிற்றைப் பிடித்து நிற்பார். அவருக்குள்ள அதிகாரம்..." என்று ஆரம்பித்தாய். நான் மணியை அடித்தேன். இரண்டு நிமிடம் முன்னால். நீ திருதிருவென்று முழிப்பாய், "வாட்ச்சைப் பாருலே" என்று கத்துவாய், எல்லோரும் சிரித்ததும் தொடர விடலாம் என்பது என் திட்டம். நீயோ வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டாய். எவனாவது உட்காருவானா? மாவட்டப் போட்டிக்கு வேறொருத்தி போனாள். இரண்டே வாரத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. மணியை முன்னால் அடித்தது என் குறும்பு என்று சொல்ல நான் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா கடலுக்கடியில் மூச்சுவிடுகிற காற்றுக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, கயிறு பிடிக்கிறவருக்கு என்ன அதிகாரம்?"

"அதிகாரமா? கீழ இருக்கவன் இழுத்தா தூக்கணும். அப்புறமா தூக்குதேன்னு சொல்ல அவன் யாருலே?"

"யாராவது வெளாட்டுக்கு இழுத்தா?"

"ஒருத்தனும் இழுக்க மாட்டான். இழுத்தா நெசம்னுதான் எடுத்துக்கணும். சந்தேகப்பட்டு நின்னா ஆளு போயிருவாம்லா."

என் மணியையும் நெசம் என்று எடுத்துக்கொண்டுதான் நீ உட்கார்ந்தாய் என்று அப்போதுதான் உறைத்தது.

"மாமா, அன்னைக்கு மணிய நான் வேணும்னேதான் முன்னாடி அடிச்சேன்."

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"உன் வாட்ச்சு ஓடலன்னுல்லா அவன் சொன்னான்" என்றார்.

ஜனாதிபதியைக் கூண்டில் ஏற்றத் தெரிந்த உனக்கு, பக்கத்து பெஞ்சுக்காரனை ஒரு வார்த்தை திட்டத் தெரியவில்லையே! என் வாட்ச் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நன்றாக ஓடுகிற வாட்ச்சுக்கு இன்று புது பேட்டரி போட்டேன். நாளை யார் பேசினாலும் நேரத்துக்குத்தான் அடிப்பேன். முன்னாலும் இல்லை, வேண்டியவன் என்று தள்ளியும் இல்லை.

போட்டி முடிந்ததும் டீச்சரிடம் இரண்டு நிமிடம் கேட்டிருக்கிறேன். செய்ததைச் சொல்லிவிட்டு, நீ பாதியில் விட்ட வாக்கியத்தைப் பேசப்போகிறேன். அப்போது மணி வேறொருவன் கையில் இருக்கும். அவன் அடித்தால் உட்கார்ந்துவிடுவேன்.