டிவிக்கு வைத்த உலை

கண்ணு,

நேற்று டிவியில் விலைவாசிச் செய்தியில் வந்தது நம் வீடுதான். உன் நர்ஸிங் ஹாஸ்டலில் யாராவது காட்டினால், அது உன் அம்மா இல்லை என்று சொல்லிவிடு. போன் ரிப்பேரில் இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

சேனல்காரப் பெண் நம் ஸ்ரீராம்புரம் சந்துக்குள் வந்து, "அக்கா, நீங்க சமைக்கிற மாதிரி ஒரு ஷாட் வேணும்" என்றாள். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தேன்.

"அரிசி போடலையா?"

"உலை கொதிக்கட்டும்மா."

கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. பானைக்குக் கிட்டப் போய் எடு என்று கேமராக்காரனிடம் கன்னடத்தில் சொன்னாள். இத்தனை வருஷம் இந்தக் கன்னட ஊரில் இருந்தும் எனக்குக் கன்னடம் தெரியாதென்று நினைப்பு!

பிறகு தன் பையிலிருந்து நாலு தக்காளியை எடுத்து என் கையில் கொடுத்து, விலையைச் சொல்லச் சொன்னாள். கடைப்பக்கமே போகாதவளுக்கு விலை எப்படித் தெரியும்? அவளே சொல்லிக்கொடுத்தாள். அப்படியே சொன்னேன்.

முடிந்ததும் தக்காளியை முந்தானையில் முடிந்துகொண்டேன், எனக்குத்தான் என்று நினைத்து. "அக்கா, அது பக்கத்து வீட்டு ஷாட்டுக்கு வேணும்" என்று கையை நீட்டினாள். அவிழ்த்துக் கொடுத்தேன்.

லீவுக்கு இங்கே வராதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், படுக்க இடமிருக்காது. ஹாஸ்டலில் முட்டை போட்டால் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிடு, வெட்கப்படாதே.

விலை இன்னும் ஏறினால் மறுபடி வருவாளாம். வரட்டும். அடுத்த தடவை தக்காளியைக் கடித்துத் தின்றுவிட்டுத்தான் விலை சொல்வேன்.

உன் அம்மா