ஹோலில் வைக்க ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி

என் அன்பு அண்ணா, நொட்டை சொல்லியே காலத்தைக் கழித்த என் ராசா,

பெட்டி கிடைத்துவிட்டது. நீங்கள் ஒன்றரை வருடம் தேடிக் கிடைக்காததை நான் ஒரே சனிக்கிழமையில் வாங்கி வந்துவிட்டேன். இதைச் சொல்லிக்காட்டத்தான் எழுதுகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்லிக்காட்டுவேன்?

தட்டை ரி.வி. வாங்கிய கையோடு, அதில் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் நீங்களே ஒரு கொம்பியூட்டர் செய்தீர்கள். உள்ளே போகவேண்டிய சாமான் எல்லாம் வாங்கினீர்கள். மூடுகிற பெட்டி மட்டும் ஒன்றும் உங்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால் அது உங்கள் ஸ்டோவ்னர் வீட்டு ஹோலில், ஒரு பலகைத் துண்டின் மேல், வயரெல்லாம் வெளியே தெரிய அம்மணமாகக் கிடந்தது. அதிலேயே படம் போட்டு வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் காட்டினீர்கள்.

நீல லைற் எரிகிற பெட்டியைத் திருவிழாச் சப்பறம் என்றீர்கள். வெள்ளி நிறத்தது பாண் வாட்டுகிற ரோஸ்ரர் மெசின். கண்ணாடி வைத்தது மீன் தொட்டி. வீடியோ டெக் மாதிரி மெலிசாக இருக்க வேண்டும், ஆனால் முந்திக்கொண்டு வாங்கிய சூடு தணிக்கிற அந்த அரைச் சாண் உயர ஃபானும் அதற்குள் போக வேண்டும்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஃபான் எத்தனை சென்ரிமீற்றர் என்று ஒருநாளாவது அளந்து பார்த்தீர்களா?

உங்கள் நோர்வேஜிய மொழியும் அப்படித்தான். வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டியபோது பிடித்த நாலு சொல் சாகும்வரை போதும் என்று இருந்துவிட்டீர்கள். கொம்பியூட்டர் பெட்டிக்கு இங்கே 'கபினெட்' என்பார்கள். நீங்கள் அகராதியில் 'பெட்டி' என்று தேடி, 'கிஸ்தெ' என்ற சொல்லைக் கொண்டுபோய்க் கடையில் கேட்டீர்கள்.

"என்ன மரியாதையான மனுசன் தெரியுமே! பெட்டி இல்லையெண்டு சொல்லிப்போட்டு, என்ரை கையைப் பிடிச்சுக் 'கொண்டொலேரர்' எண்டவர்" என்று வந்து பெருமையடித்தீர்கள்.

"ஐயோ அண்ணா, அது செத்தவீட்டிலை துக்கம் விசாரிக்கிற சொல்லு! நீங்கள் ஹோலிலை வைக்கச் சின்னக் கறுப்புச் சவப்பெட்டி கேட்டிருக்கிறியள்!"

அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பிறந்தநாள் வீடுகளில் உங்களை நாறடித்தேன். நீங்களும் கூடச் சிரித்தீர்கள்.

பிறகு ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டீர்கள். பிறகு எழும்பவேயில்லை. சவப்பெட்டிக்காரர் படப் புத்தகத்தை விரித்தார். உங்கள் மனுசி சுகந்தி மச்சாள் இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து "இது" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்களுக்குக் கட்டாயம் பிடித்திருக்காது.

மச்சாளின் தம்பி ரமணனைப் பற்றிச் சொல்லவா? செத்தவீடு முடிந்த கிழமையே முழங்கால் உயரத்தில் ஒரு கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். மூன்று நிறத்தில் லைற் எரிகிறது. சப்பறமேதான்.

"அக்கா, அத்தான்ரை உந்தக் குப்பையை எறிஞ்சுபோட்டு இதை வையுங்கோ."

மச்சாள் என்னைப் பார்த்தார். "எறிய எனக்கு மனமில்லை. ஆனால் இப்பிடிப் பிரிச்சுப் போட்டபடி கிடக்கிறதைப் பாக்கவும் ஏலாமல் கிடக்கு. அந்தியேட்டிக்கு முதல் ஒரு பெட்டிக்குள்ளை போட்டுத் தாரும். இல்லாட்டில் அவன் கொண்டுபோகட்டும்."

அந்தியேட்டிக்கு, உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு, எட்டு நாள் இருந்தது. ரி.வி.க்குக் கீழே உள்ள தட்டை அளந்தேன், பலகையை அளந்தேன், உங்கள் அருமை ஃபானையும் அளந்தேன். அதைக் கழற்றிக் கட்டையான ஒன்றைப் பூட்டினால் எல்லாம் சரி. ஒரு அளவுநாடாவும் ஒரு துண்டுப் பேப்பரும்தான், அண்ணா. இதற்கா ஒன்றரை வருடம்?

கடையில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று கிழமையாகச் செத்தவீட்டு மண்டபத்திலும் அலுவலகங்களிலும் சவப்பெட்டிக்கான அந்த ஒரே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருந்தேன். வாய் தன்பாட்டில் அதையே சொன்னது. "ஒரு சின்னக் கறுப்பு கிஸ்தெ. ஹோலில் வைக்க."

அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தணித்துக் "கொண்டொலேரர்" என்றார்.

'கபினெட்' என்று திருத்தியிருக்கலாம். உங்களைத் திருத்திய வாய்தானே இது? திருத்தவில்லை. "தக்" என்று நன்றி சொன்னேன். பிறகு நடுக் கடையில், நீல லைற்றுகளுக்கு முன்னால் நின்று அழுதேன். சுடலையில்கூட அப்படி அழவில்லை.

பெட்டி கறுப்பு. லைற் இல்லை. தட்டுக்குள் அளவாகப் போனது. அந்தியேட்டி அன்று ரி.வி.யில் உங்கள் படங்கள் ஓடின. ரமணனும் வாயை மூடிக்கொண்டு பார்த்தான். கட்டை ஃபான் கொஞ்சம் இரைகிறது. மாற்றவா என்று கேட்டேன். "விடும். ஹோலிலை ஆரோ இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் மச்சாள்.

மாதம் ஒருமுறை என் ரொம்சோஸ் வீட்டிலிருந்து வந்து மூடியைத் திறந்து தூசி தட்டுவேன். ரமணனின் கை அதில் படவிடமாட்டேன். 'கிஸ்தெ' கதையை இனி ஒருவருக்கும் சொல்லிச் சிரிக்கமாட்டேன், அண்ணா. அது இப்போது என்னுடைய கதையும்தான்.

உங்கள் வாய்க்காரத் தங்கச்சி,
வசந்தி