அண்ணன் வாசித்த என் அறிக்கை

20.6.93, ஞாயிறு. அம்பத்தூர்.

காலேஜ் லீவுல மலேசியாவுக்குப் பயிற்சி ஊழியத்துக்குப் போய், ரெண்டு மாசம் தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு வேதபாடம் எடுத்தது நான். இன்னிக்கு சபையில அதைப் பத்தி நான் எழுதின அறிக்கையை வாசிச்சது அண்ணன். எங்க சபையில பொம்பளைங்க எழுந்து பேசக்கூடாது. பூந்தமல்லியைத் தாண்டாதவன் ரப்பர் தோட்டத்து மழையைப் பத்தி வாசிக்கிறான், நான் முக்காடு போட்டுகினு பாயில உக்காந்து கேக்கறேன். முடிஞ்சதும் எல்லாரும் அவன் கையைப் புடிச்சி வாழ்த்தினாங்க. அதைக்கூட விட்டுடலாம். கடைசி வரியை அவன் வாசிக்கவே இல்ல.

வீட்டுக்கு வந்து கேட்டதுக்கு, "அந்த வரியை அப்பா பேனாவால அடிச்சி வச்சிருந்தாரு, நான் இன்னா பண்றது?"ன்னான்.

அப்பாகிட்ட போனேன். "சோறு ஆறுது, சாப்பிடும்மா"ன்னாரு.

அந்த வரியை இங்கயாவது எழுதி வைக்கறேன்.

"அடுத்த விடுமுறைக்கும் நான் அங்கே செல்ல, சபையார் ஜெபித்துக்கொள்ளுங்கள்."