உள்ளே தூங்குகிற பிள்ளை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா கொஞ்சம் அதிகமாகவே நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, டைல்ஸ் ஒட்டி ஒட்டி முட்டி வலிக்கிறது என்றாயே, இப்போது தேவலையா? போனில் பேசினால் பாதியிலேயே அப்பா பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் கடிதம். அந்தக் கான்ட்ராக்டரிடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கப் போவதாகச் சொன்னாய். வாக்குக் கொடுத்துவிடாதே, முதலில் இதைப் படி.

அரசாங்கம் மாதாமாதம் என் கணக்கில் பணம் போட ஆரம்பித்ததிலிருந்து உன் அப்பாவின் நடையே மாறிவிட்டது, ஏதோ அவர் கணக்கில் விழுவதுபோல. இந்த வருடம் செங்கல் சூளையில் நாங்கள் முன்பணம் வாங்கவில்லை, தெருவில் பாதிப் பேர் வாங்கவில்லை. முன்பு உன் அப்பாவை 'ஏய்' என்று கூப்பிட்ட சூளை மேஸ்திரி இப்போது வீடு தேடி வந்து, 'அண்ணே, கூலிய ஏத்தித் தர்றேன், அண்ணியையும் கூட்டிட்டு வாங்க' என்கிறார். இவரோ கால்மேல் கால் போட்டுக்கொண்டு, 'யோசிச்சுச் சொல்றேன்' என்கிறார். இவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லையடா, எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவி அதே பணத்தைச் சேர்த்து மகனுக்கு டிக்கெட் எடுத்து நீ இருக்கும் பக்கமே அனுப்பிவிட்டாள், அனுப்பிவிட்டு என்னிடம் வந்து அழுகிறாள். மற்றவர்கள் கையில் நாலு காசு நின்றதும் தரை போடுகிறார்கள், குளியலறை கட்டுகிறார்கள். டைல்ஸ் ஒட்ட ஆள் கிடைக்காமல் கொத்தனார் அல்லாடுகிறார், 'உங்க பையன் வந்தா மறுநாளே வேலை' என்று என்னிடமே சொல்லிவிட்டார். அங்கே வாங்குவதைவிடக் கூலி குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் இங்கே உனக்கு வாடகை இல்லை, என் சமையலுக்கும் நான் காசு கேட்கமாட்டேன்.

போன வாரம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். பிள்ளை வெளியூரில் சம்பாதிப்பது தெரிந்தால் பணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று டீக்கடையில் எவனோ கிளப்பிவிட்டதை நம்பி, உன் அப்பா கொஞ்சமும் கூசாமல், 'பையன் உள்ளேதாம்மா தூங்குறான்' என்றார். நீ சிரிக்காதே, பொய் என்று தெரிந்தும் நான் திரும்பி அந்த அறையைப் பார்த்தேன். 'எழுப்புங்க, பாத்துட்டுத்தான் எழுதணும்' என்றாள் அவள். 'எழுப்புனா கோவப்படுவான்' என்று சொல்லிவிட்டுத் திருதிருவென விழித்தார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யார் எங்கே வேலை செய்தாலும் அந்தப் பணம் நிற்காது என்று சொல்லிவிட்டு, 'சரிண்ணே, எப்பத்தான் வருவாரு?' என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். எதற்கும் சட்டென்று ஒரு கதை வைத்திருக்கும் மனுஷன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

அடுத்த மாதம் அவள் மறுபடி வருவாளாம்.

முட்டிக்குக் கீழே கனமான துணியை மடித்துப் போட்டுக்கொள். நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, என் ஆயுசும் உனக்குச் சேரட்டும். இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பாதே, நீ வரும் தேதியை அனுப்பு.

உன் அம்மா
(பக்கத்தில் உட்கார்ந்து, படிக்காத மாதிரியே படித்துக்கொண்டிருக்கும் உன் அப்பாவும்)