வில்லை இல்லாத ஒன்பது பேர்

மார்ச் 1, ஞாயிறு

கணக்கெடுப்பு மலரில் போடுவதற்கு 'நமது நகரம்: வரலாறும் மக்கள்தொகையும்' என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டார் நகராட்சி கமிஷனர். பிறப்பு இறப்புப் பதிவேடு என்னிடம் இருக்கிறதாம், ஆகவே ஊர்ச் சரித்திரமும் என் தலையில். "நல்ல விதமா எழுதுங்கம்மா, படிச்சா மனசு குளிரணும்" என்றார். நிலக்கரி ஊரைப் பற்றி எழுதி மனசைக் குளிர வைக்க என்னால் ஆகாது.

பழைய ஏடுகளைப் புரட்டினேன். முதல் சுரங்கம் தோண்ட வந்தபோது இங்கே இருந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். குடிசைகளைக் கொளுத்தி அவர்களைத் துரத்திவிட்டுத்தான் தோண்டியிருக்கிறார்கள். பத்தே வருடத்தில் நாலாயிரம் பேர். முதல் வேலைநிறுத்தத்தில் சுரங்க கேட் அருகே பதினோரு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஏட்டில் 'சிலருக்குக் காயம்' என்று இருக்கிறது. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது. பிறகு சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து ஐம்பத்து நாலு பேர். அடுத்த கணக்கெடுப்பில் ஜனத்தொகை ஓர் ஆள்கூடக் குறையவில்லை! செத்தவன் கட்டிலில் மறு வாரமே வேறொருவனைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார்கள். இப்போது நாற்பத்தெட்டாயிரம் பேர்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். இருபது வருடமாக விளக்கறையில் வேலை. உள்ளே இறங்குகிறவன் தன் எண் அடித்த பித்தளை வில்லையை இவருடைய பலகையில் மாட்டிவிட்டு விளக்கு வாங்கிக்கொள்வான். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு வில்லையை எடுத்துக்கொள்வான். பலகையில் எத்தனை வில்லையோ, உள்ளே அத்தனை பேர். "உன் கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. என்னுது நாளைக்கு மூணு தடவை. ஒரு ஆள் தப்பாது" என்று பீற்றிக்கொண்டார்.

மார்ச் 2, திங்கள்

கணக்கெடுப்பில் இன்று அறுபது வீடு. இரண்டு நாய் துரத்தியது. கால் விட்டுப்போய்விட்டது.

மார்ச் 3, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலையில் ஒப்பந்தக்காரர் வரிசைக்குப் போனேன். தகரக் கூரை, ஒரே அறை, சுவரில் கரிப்புகை. கடைசி வீடு முட்டைக்காரியுடையது. வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்து முட்டை விற்பவள். "வீட்டில் எத்தனை பேர்?" "நானும் அவரும்தான்க்கா. அவரு உள்ள இறங்கியிருக்காரு." அந்த வரிசையில் இதே பதிலைச் சொன்ன ஒன்பதாவது வீடு அது. ஆண், வயது முப்பத்து நாலு, தொழில்... 'சுரங்க' என்று எழுதிக்கொண்டிருக்கும்போது தரை தூக்கிப் போட்டது.

சத்தம் பிறகுதான் வந்தது. கூடையிலிருந்த முட்டை அத்தனையும் உடைந்து தரையில் வழிந்தது. அவள் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், திரும்பிப் பாராமல் ஓடினாள். நானும் ஓடினேன். சுரங்க வாயிலிருந்து கருப்புப் புகையும் அதற்குள் சிவப்பும். ஆட்களைக் கூண்டில் வைத்து உள்ளே இறக்கும் கோபுரத்தின் மேல்பாதியைக் காணவில்லை. இரும்புத் தகடு ஒன்று பறந்து வந்து காவலாளி ஒருவனின் தோளைச் சீவியிருந்தது. அவன் உட்கார்ந்தபடியே தன் கையைத் தேடிக்கொண்டிருந்தான்.

விளக்கறைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரத்தில் வேறு யாரையும் நினைக்கவில்லை. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 4, புதன்

முப்பத்தொரு வில்லை, முப்பத்தொரு உடல். சில உடல்கள் என்று சொல்லும்படியாக இல்லை. பள்ளிக்கூடத்து பெஞ்சுகளில் கிடத்தியிருந்தார்கள். இறப்புப் படிவத்தோடு நான் ஒவ்வொரு பெஞ்சாகப் போனேன். ஒரு பெண் தன் கணவனின் பெல்ட்டைப் பார்த்து அடையாளம் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் அது தன் ஆளுடையது என்று அவள் முடியைப் பிடித்து இழுத்தாள். இருவரையும் பிரிக்கப் போன எனக்கு ஒரு குத்து.

மூன்று மணிக்குச் சுரங்க வாய்களை மூடிவிட்டார்கள். உள்ளே தீ எரிகிறதாம், காற்றை நிறுத்தினால்தான் அணையுமாம். "கணக்கு முடிஞ்சுது. உள்ள யாரும் இல்ல" என்று ஒலிபெருக்கியில் மேனேஜரே சொன்னார்.

மார்ச் 5, வியாழன்

காலையில் முட்டைக்காரியும் இன்னும் எட்டுப் பெண்களும் கேட்டில் நின்றார்கள். தங்கள் ஆட்கள் வரவில்லை என்றார்கள். "வில்லை இருக்கா? இல்லேன்னா ஆளும் உள்ள இல்ல. வேற ஊருக்கு ஓடியிருப்பான்" என்றான் மேஸ்திரி, ஒப்பந்த ஆட்களைக் கூட்டி வருகிறவன். சொல்லிவிட்டுச் சிரித்தான். ஒருத்தி கல்லை எடுத்தாள். காவலாளிகள் தடியை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அவர் நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை. என் படிவங்களை மேசைமேல் போட்டேன். "ஒன்பது வீடு. ஒன்பது ஆம்பள உள்ள இறங்கியிருக்கான்னு செவ்வாய்க்கிழமை காலையில எழுதினது. பலகையில ஏன் இல்ல?"

மறுபடி கேட்டேன். மறுபடியும். கடைசியில் சொன்னார்: "மேஸ்திரி ஆளுங்களுக்கு வில்லை கிடையாது. விளக்கு மட்டும் குடுத்து விடுவோம். கணக்குல காட்டாம இறக்குறதுக்கு ரெண்டு வருஷமா இப்படித்தான். ஒன்பது விளக்கு திரும்பல."

போய்ச் சொல்லிவிட நான் எழுந்து கதவைத் திறந்தேன். கன்னத்தில் அறைந்தார். இருபது வருடத்தில் முதல் தடவை. நானும் கைக்குக் கிடைத்த கரண்டியால் அடித்தேன். அவர் நெற்றி கிழிந்தது. ரத்தத்தோடு கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதார். "வெளிய தெரிஞ்சா மேஸ்திரியோட அடியாளுங்க என் காலை உடைப்பானுங்க. இல்லேன்னா ஜனம் என்னைக் கொன்னுடும். செத்தவங்க செத்துட்டாங்கடி. அந்த நெருப்புல ஒரு மணி நேரம்கூட யாராலயும் இருக்க முடியாது. எஞ்சினியரே சொன்னாரு."

எஞ்சினியரே சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். காயத்துக்கு மருந்து போட்டேன். போகவில்லை.

மார்ச் 7, சனி

மலருக்கு இரண்டு பக்கம் எழுதி முடித்தேன். தண்ணீர் புகுந்து செத்தவர்கள் ஐம்பத்து நாலுதானா? அந்தக் காலத்து விளக்கறைக்காரன் பெண்டாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

கறி வாங்கி வந்தார். சமைத்தேன். இருவரும் சாப்பிட்டோம்.

மார்ச் 11, புதன்

இன்று முட்டைக்காரியின் கையை உடைத்தார்கள்.

கமிஷனர் அலுவலகத்துக்கு எதிரே, என் ஜன்னலுக்கு நேர் கீழே. ஒன்பது பெண்களும் மனுவோடு வந்திருந்தார்கள். மேஸ்திரியின் அடியாட்கள் நாலு பேர் பின்னாலேயே வந்தார்கள். போலீஸ்காரன் ஒருவன் தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். முட்டைக்காரி நகரமாட்டேன் என்று நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையின்மேல் தடியால் அடித்தார்கள். முறிகிற சத்தம் மாடிவரை கேட்டது. அப்போதும் அவள் விடவில்லை. இன்னொரு அடி.

ஆறு நாள் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? கணக்கெடுப்புப் படிவத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். போகட்டும் சத்தியம். ஒன்பது படிவத்தையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ரயிலடிப் பக்கம் தங்கியிருந்த விசாரணை அதிகாரியிடம் போனேன். தலைநகரிலிருந்து வந்தவர். படித்தார். "விளக்கறைப் பொறுப்பு யாரு?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "எப்பத் தெரியும்?" என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.

மார்ச் 14, சனி

விசாரணை அதிகாரியின் உத்தரவில் காலையில் சுரங்க வாயைத் திறந்தார்கள். முகமூடி போட்ட மீட்பு ஆட்கள் இறங்கினார்கள். ஊரே சுற்றி நின்றது. ஒரு மணிக்கு முதல் உடல் வந்தது. அதில் தீப்பட்ட அடையாளமே இல்லை.

தீ அந்தப் பக்கம் போகவில்லையாம். கரி வெட்டி முடித்த ஒரு முட்டுச் சந்தில் ஒன்பது பேரும் ஒதுங்கியிருக்கிறார்கள். விஷக்காற்று வராமலிருக்க வாயிலில் காற்றுத் தடுப்புத் துணியைக் கட்டி, இடுக்குகளில் ஈரக் கரித்தூளை அப்பியிருக்கிறார்கள். கூரையைத் தாங்கும் முட்டு மரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஷிப்டுக்கு ஒரு கோடு. ஒருவன் கையில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பதினைந்து கோடு.

ஒரு நாளைக்கு மூன்று ஷிப்டு. ஐந்து நாள். செவ்வாய் காலையிலிருந்து ஞாயிறு காலைவரை. நான் வியாழக்கிழமை கதவைத் திறந்தேன். திறந்தேன்! படி இறங்கவில்லை!

கோட்டுக் கணக்கு கூட்டத்தில் பரவக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மேஸ்திரி ஓடிப்போய் ஆபீசுக்குள் பூட்டிக்கொண்டான். ஜன்னல் வழியாகப் பெட்ரோலை ஊற்றினார்கள். எரிந்துகொண்டே வெளியே வந்தான், அப்புறம் அடித்தே கொன்றார்கள். விளக்கறையை உடைத்தார்கள். அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். முப்பத்தொரு பேரின் உறவுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மண்வெட்டிக் காம்பு, செங்கல், வில்லைப் பலகை, கையில் கிடைத்ததெல்லாம். அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் முடிந்திருக்காது என்பது வேறு விஷயம். என் கால் நகரவில்லை. போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்ட பிறகுதான் விட்டார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

அவருக்கு உயிர் இருக்கிறது. இரண்டு காலிலும் முறிவு, இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலோடு விலங்கு மாட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சி கொடுத்தேன். பாதியைத் துப்பினார், பாதியை விழுங்கினார்.

மார்ச் 23, திங்கள்

சுரங்க அலுவலகத்திலிருந்து ஒரு வழுக்கைத் தலையர் வந்தார். ஒன்பது பேரின் இறப்பையும் பதிய வேண்டும். குரல் வெல்லம்போல இருந்தது. "டாக்டர் 'எட்டாம் தேதி வாக்கில்'னு எழுதியிருக்காரு. வாக்கில்தானேம்மா? மூணுன்னு போட்டுட்டா எல்லாரும் வெடிச்சப்பவே போனதா ஆயிடும். விபத்து. எட்டுன்னா உயிரோட இருந்தவங்களை வெச்சு மூடினதா ஆகுது. அது கொலைக் கேசு. உங்க வீட்டுக்காரர்தான் முதல் ஆளா மாட்டுவாரு. யோசிங்க."

யோசித்தேன். மேனேஜர் தப்பிப்பார், அவரும் தப்பிப்பார், நானும். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் எண். 'சிலருக்குக் காயம்' என்று எழுதியவனுக்கும் யாராவது இப்படித்தான் வெல்லக் குரலில் சொல்லியிருப்பார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

முதலில் முட்டைக்காரி வந்தாள். கையில் மாவுக்கட்டு, முகம் பாதி வீங்கியிருந்தது. நான் எழுத எழுத அவள் பதில் சொன்னாள். வயது, தொழில், இடம். தேதிக் கட்டத்தில் மார்ச் 8 என்று எழுதினேன்.

அவளுக்கு எண் படிக்கத் தெரியும். "மூணுன்னு போடுவாங்கன்னு சொன்னாங்களேக்கா."

"எட்டுதான்."

"அப்ப மூடுறப்ப உயிரோட இருந்தாரு."

"இருந்தாரு."

"அது யாருக்குமே தெரியாமப் போச்சா?"

பேனாவைக் கீழே வைத்தேன். "ஒன்பது பேரு உள்ள இருக்காங்கன்னு என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அஞ்சாம் தேதி காலையில எனக்கும் தெரியும். பதினொண்ணாம் தேதிதான் வாயைத் திறந்தேன்."

முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை நீட்டினேன். ஒற்றைக் கையால் அதைப் பத்திரமாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, மேசைமேலிருந்த இரும்பு அடிக்கோலை எடுத்து என் முகத்தில் அடித்தாள். மூன்று அடி. நாலாவதற்கு ஓங்கியவள் கோலைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள். உதட்டில் நாலு தையல். ஒரு பல் ஆடுகிறது.

எங்கள் பியூன் பெரியவர் பதறிப்போய், "போலீசைக் கூப்பிடவாம்மா?" என்றார்.

வேண்டாம் என்றேன். மீதி எட்டு வீட்டுக்கும் போய், நாளைக்குக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன்.