பயனர் பிழை என்று நீ மூடிய புகார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தம்பி, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை எழுத்தில் தெரிவித்தால் நம்புவேன். போனில் நீ சொல்லும் ‘நல்லா இருக்கேன்பா’ நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது, ஆகையால் அதை ஒரு பதிலாக நான் எண்ணுவதில்லை. அம்மாவின் முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது, சமதரையில் இல்லை. தம்பி வண்டி ஓட்டும் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றான், பின்னால் வந்த காருக்கு வழிவிட்டதால்தான் என்கிறான், பின்னால் கார் எதுவும் வரவில்லை என்று தேர்வாளர் எழுதியிருக்கிறார். சமையலறை ஜன்னலுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. குடும்பச் செய்திகள் இவ்வளவே. இனி எழுதப்போவதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்பாய், எதற்குச் சரி என்றாய் என்பது பிறகு நம் இருவருக்கும் தெரியாது. கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

சென்ற மாதம் இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு எங்கள் நீர் ஆய்வுக்கூடத்தில் ரிப்போர்ட் தயாரிக்கும் அப்ளிகேஷன் திறக்கவில்லை. அது உன் கம்பெனி செய்தது என்பது உனக்குத் தெரியும். கல்லூரி விடுமுறையில் இங்கே வந்து அதைப் பார்த்து, ‘இதை யாருப்பா செய்யறாங்க’ என்று கேட்டு, பிறகு அங்கேயே வேலைக்கு எழுதிப்போட்டவள் நீ. அது ஏதாவது சொல்லிவிட்டுத் திறக்காமல் இருந்திருந்தால் மேல். ஐகானை இருமுறை அழுத்தினால் அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு நீல வளையம் ஏழு விநாடி சுற்றும், பிறகு நின்றுவிடும், திரையில் ஒன்றும் இராது. வீட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என்ன நினைத்தாரோ, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிப் போனதைப் போல. கணினிப் பிரிவில் இருக்கும் ஒரே ஊழியர் அதை அன்று காலை நாற்பது முறையாவது அழுத்தியிருப்பார். நுண்ணுயிர்ப் பிரிவுக்காரர் வந்து எல்லாவற்றையும் அணைத்து முப்பது வரை எண்ணச் சொன்னார், எண்ணினார்கள். உதவியாளர் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து கீபோர்டுக்குக் காற்றடித்துவிட்டு, ‘இதுக்கு நம்ம மேல ஏதோ கோவம் சார், ரெண்டு நாள் விட்டுப் பிடிப்போம்’ என்றார். அன்று பேசப்பட்டவற்றுள் அதுவே ஓரளவு அறிவுள்ள யோசனை என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்பது நாற்பதுக்கு உன் கம்பெனிக்குப் புகார் அனுப்பப்பட்டது. ஒன்பது நாற்பத்து நான்குக்குப் பதில் வந்தது. ஒன்பது படிகள். கணினியை அணைத்துப் போடுவது முதல் படி, அப்ளிகேஷனை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது ஆறாவது, எதுவும் உதவாவிட்டால் இயக்குபவர் அமைப்புகளை மாற்றியிருக்கலாம் என்பது ஒன்பதாவது, அதைப் படி என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு விளங்கவில்லை. அதன் கீழே இரண்டு வரிகள். காரணம்: பயனர் பிழை. நிலை: தீர்க்கப்பட்டது. தீர்க்கப்பட்ட அந்த அப்ளிகேஷன் அதன்பின் பன்னிரண்டு நாள் திறக்கவில்லை. ஒன்பது படிகளையும் கணினிப் பிரிவு அம்மாள் பென்சிலால் டிக் போட்டுப் போட்டுச் செய்தார், ஆறாவது படிக்கு இரண்டு டிக், ஏனென்றால் இரண்டு முறை செய்தார். பிறகு திறக்கவில்லை என்று திரும்ப எழுதினார். மூடப்பட்ட புகாருக்குப் பதில் எழுத இயலாது, புதிய புகாரை அப்ளிகேஷனைத் திறந்து அதன் உதவிப் பகுதியில் பதிவு செய்யவும் என்று விடை வந்தது. இதை நான் மூன்று முறை வாசித்தேன். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு இதன்படி நடக்க வழி தெரியவில்லை.

புதன்கிழமை ஒரு பள்ளிக்கூடத்து மேல்தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடாதது இருந்தது. நான் முடிவைக் கையால் எழுதிக் கையெழுத்திட்டு நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தேன். அவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன், ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்று அழைப்பார்களே, அவர். ‘நம்பர் இல்லாத ரிப்போர்ட்டை எப்படி சார் வெளியில விடறது, நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க, கம்ப்யூட்டர்ல வரட்டும்’ என்று சொல்லி அதைத் தட்டில் வைத்து மேலே ஒரு கண்ணாடிக் குண்டையும் வைத்தார், பறந்துவிடக் கூடாதாம். சனிக்கிழமைக்குள் பத்தொன்பது பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. இருவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். எல்லோரும் தேறிவிட்டார்கள். நான் அந்தப் பள்ளிக்கு நேரே ஒரு போன் செய்திருக்கலாம். விதிப்படி அது என் வேலை இல்லை என்று செய்யவில்லை. விசாரணைக்கு நான் கொடுத்த வாக்குமூலத்தின் முதல் வாக்கியம் அதுதான், இரண்டாம் வாக்கியத்தில் அதற்குச் சமாதானம் எதுவும் இல்லை.

விசாரணை என்று வந்ததும் குற்றவாளி வேண்டும் அல்லவா. ரப்பர் ஸ்டாம்ப் உன் கம்பெனியின் பதிலை அச்செடுத்து இணைப்பு ஒன்று என்று எண் போட்டார். கணினியைக் கவனமின்றிக் கையாண்டு ரிப்போர்ட் வெளிவராமல் செய்ததாகக் கணினிப் பிரிவு ஊழியரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி விசாரணைக்குப் பிறகு அது நிரந்தரமாகலாம். இருபத்தாறு வருட வேலை, ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. சாட்சி என்ற முறையில் கோப்பை என்னிடம் காட்டினார்கள். பதிலின் அடியில், மூடியவர் என்ற இடத்தில், உன் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தாக என் பெயரின் முதல் எழுத்து. என் கையெழுத்தை நானே போட்டதுபோல் இருந்தது. கோப்பை மூடிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கோப்பைப் பார்த்த அந்த வாரச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, நீ நான்கு நிமிடத்தில் செய்ததை நான் பதினோரு மணி நேரத்தில் செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை அப்ளிகேஷன் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது, அதற்கு முந்திய சனிக்கிழமை, புட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சிடும் பிரிண்டரை ரப்பர் ஸ்டாம்ப் யாரிடமும் சொல்லாமல் ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறார். குழாய்ப் பிரிவிலிருந்து அதே மாதிரி பிரிண்டரை இரவல் வாங்கி மாட்டினேன், அப்ளிகேஷன் திறந்தது. கழற்றினேன், நீல வளையம் ஏழு விநாடி. மாட்டினேன், திறந்தது. எட்டு முறை செய்து நேரத்தைக் குறித்திருக்கிறேன். பக்கத்துக் கணினியிலும் அதுவேதான். அலமாரியில் இணைய இணைப்பின்றிக் கிடந்ததால் அப்டேட் ஆகாத பழைய லேப்டாப்பில் பிரிண்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறக்கிறது. ஆக, உங்கள் புதிய அப்டேட் எழுந்தவுடன் பிரிண்டரைத் தேடுகிறது, காணவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துவிடுகிறது. இதில் பயனர் செய்த பிழை என்னவென்று நான் தேடினேன். வேலைக்கு வந்தது ஒன்றுதான் அகப்பட்டது.

ஞாயிறு மாலை உனக்குப் போன் செய்தது நினைவிருக்கும். எதையும் சொல்லாமல், ஒரு அப்ளிகேஷன் திறக்காவிட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். ‘ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கப்பா, உங்க ஆளுங்க எதையாவது தட்டியிருப்பாங்க, நூத்துக்குத் தொண்ணூறு அப்படித்தான், எங்களுக்கு ஒரு நாளைக்கு அறுபது வருது, ஒவ்வொண்ணையும் உக்காந்து பாத்தா முடியுமா’ என்று சிரித்தாய். மிச்சம் பத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ‘அவங்களே திரும்ப எழுதுவாங்கப்பா’ என்றாய். மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கோபத்தில் நான் சத்தம் போடுவதில்லை என்பது உனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும், அதனால்தான் என்னை யாரும் சமாதானப்படுத்த வந்ததில்லை.

அவர்கள் திரும்ப எழுதினார்கள் என்று மேலே சொன்னேன். எழுதிய அம்மாள் உனக்குக் கம்ப்யூட்டர் அத்தை. பள்ளி விட்டதும் நீ வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுவாய், உனக்கு முதன்முதலில் மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நான் அல்ல. உன் பதில் வந்த அன்றே உன் பெயரைப் பார்த்து அவர் அடையாளம் கண்டிருக்கிறார். உதவியாளரிடம், ‘நம்ம பாப்பாதான் பாக்குது, இனிமே கவலை இல்லை’ என்று சொல்லிவிட்டுத்தான் அந்த ஒன்பது படிகளை ஆரம்பித்தாராம். அவர் திரும்ப எழுதியது கோப்பில் இல்லை, கணினியில் இருந்தது, அப்படியே தருகிறேன். ‘பாப்பா, நான் கம்ப்யூட்டர் அத்தை. நீ சொன்ன ஒன்பதும் செஞ்சிட்டேன், ஆறாவதை ரெண்டு தடவை செஞ்சேன். இன்னும் திறக்கலை. நான் எங்கயாவது தப்பு பண்ணியிருந்தா சொல்லு, திருத்திக்கிறேன். அங்கே குளிர் எப்படி, சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா.’ இதற்குத்தான் உங்கள் கம்பெனியின் இயந்திரம், மூடப்பட்ட புகாருக்குப் பதில் எழுத இயலாது என்றது. அம்மா முழங்காலோடு மூன்று மாடி ஏறி அவர் வீட்டுக்குப் போய் வந்தாள். விசாரணையில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, ‘அண்ணி, பாப்பா எழுதினதைத் தப்புன்னு என் வாயால சொல்ல மாட்டேன், சின்னப் பொண்ணு, அங்கே அதுக்கு வேலை போயிடும், எனக்கு இன்னும் நாலு வருஷம்தானே’ என்றாராம். அம்மா திரும்பி வந்து என்னிடம், ‘பிள்ளை அங்க தனியா இருக்கா, நீங்க பாட்டுக்குச் சார்ஜ் ஷீட் மாதிரி எழுதிடாதீங்க’ என்று சொல்லிவிட்டு இந்தக் காகிதத்தை அவளே எடுத்துக்கொடுத்தாள்.

இப்போது விஷயம். பதிலின் அடியில் உள்ள பெயர் என் மகளுடையது என்று விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மறைத்திருந்தால் என் பிரிண்டர் சோதனையை ஏற்றிருப்பார்கள். சொன்னதால், ‘உங்க பொண்ணு சம்பந்தப்பட்டிருக்கே சார், நீங்க சொல்றதை எப்படி எடுத்துக்கறது’ என்கிறார்கள், நியாயம்தான். ஆகவே அந்த அம்மாளின் வேலை இப்போது ஒரே ஒரு தாளில் இருக்கிறது, அதை எழுதக்கூடியவள் நீ. புகாரை மறுபடி திறக்க வேண்டும். இணைத்திருக்கும் என் அட்டவணைப்படி நீயே சோதித்துப் பார்க்க வேண்டும், நான் சொன்னேன் என்பதற்காக அல்ல. தவறு என் பக்கம் இருந்தால் அதையும் எழுது. காரணம் என்ற இடத்தில் உண்மையான காரணத்தையும், முதலில் எழுதியது சோதிக்காமல் எழுதப்பட்டது என்பதையும் உன் பெயரோடு குறித்து, கம்பெனித் தாளில் அனுப்ப வேண்டும். அடுத்த மாதம் உனக்குப் பதவி உயர்வு வரும் என்று அம்மா சொன்னாள், உங்கள் இடத்தில் தவறாக மூடிய புகார் அதில் எண்ணப்படும் என்பதும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். இதில் உனக்கு நஷ்டம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

விசாரணை பத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு. இந்தக் கடிதத்துக்குக் கூரியர்காரர் ஐந்து நாள் என்கிறார், உன் தாள் மெயிலில் வந்தால் போதும் என்பதால் அதன்பின் உன்னிடம் ஒரு வாரம் இருக்கும், நான்கு நிமிடத்துக்கு அது கொஞ்சம் கூடுதல்தான். உன் தாள் வந்தால் அதை வாசிப்பேன். வராவிட்டால் இணைப்பு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு படியாக, அடியில் உள்ள பெயர் வரை வாசித்து, இது பொய், இதை எழுதியவள் என் மகள் என்று சொல்வேன். அந்த அம்மாள் உனக்காக வாயைத் திறக்கப்போவதில்லை. அன்று அந்த அறையில் உன் பெயரைச் சொல்லப்போகிறவன் நான் ஒருவன்தான், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை நீ முடிவு செய்துகொள்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இரவில் வெறும் ரொட்டியோடு படுக்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள். புகார் எண்ணை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், தேட வேண்டியதில்லை. உடம்பும் மனமும் தளராமல், நினைத்தது கைகூடி, தலை நிமிர்ந்து நீ நெடுநாள் வாழ வேண்டும் என்பதே எங்கள் இருவருடைய ஆசி; அதில் என் கோபத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா