மூன்று பந்துகளும் எழுந்தன

அன்புள்ள அம்மாவுக்கு, முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நான் நலம், நிஜமாகவே. நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய்க் கட்டியை இரண்டாவது தடவையாக வெட்டியெடுத்து நான்கு நாளாகிறது. முடிந்த பிறகு சொல்கிறேனே என்று திட்டாதீர்கள். மூச்சை உறிஞ்சிப் பந்துகளை எழுப்பும் கருவி ஒன்று தருவார்கள். போன தடவை ஒரு பந்துதான் அசைந்தது. இன்று மூன்றும் எழுந்து நின்றன, அம்மா. பக்கத்துக் கட்டில்காரர், "சீனியர்னு காட்டிட்டீங்க சார்" என்று கைதட்டினார்.

பட்டறையில் ஒரு மாதம் லீவு கொடுத்துவிட்டார்கள். இடது கையைத் தூக்க முடியவில்லை. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை இரண்டு, நீங்களே தைத்து அனுப்புங்கள்.

டாக்டர் வருகிறார், முடிக்கிறேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் உடனிருப்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். நர்ஸ் கேட்டால், "அம்மா இப்பதான் டீ வாங்கப் போனாங்க" என்பேன். நான்கு நாளாக நீங்கள் டீ வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் சின்னவன்